நன்றாக உழைக்கிற சைக்கிள்

ஏழாங்கரையில் ஆவுடையப்பன், தவசி, கூத்தையா என்று மூன்று கூட்டாளிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு. அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு. தன்னிடம்தான் என்பது ஆவுடையப்பனின் நினைப்பு. மற்ற இருவரும் அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்.

அவர் மனைவி உலகம்மை விடியுமுன் எழுந்து இட்லி அவிப்பாள். இட்லி நிறைந்த அண்டாவை மூவரும் தலை மாற்றித் தலை மாற்றிச் சுமந்து, நான்கு மைல் தள்ளியிருக்கும் செங்கல் சூளைக்குக் கொண்டுபோவார்கள். எட்டு மணிக்குப் போகவேண்டிய இட்லி ஒன்பதரைக்குப் போகும். மண் மிதித்துக் களைத்த சனங்கள் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து சூளை மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் ஒரு நாள் பிந்துனா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார்.

உலகம்மை சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள். "ஒரு சைக்கிள் வாங்கிட்டு வாங்க. எளிமையா இருக்கணும். நல்லா உழைக்கணும். கெட்டுப்போனா நாமளே சரிபண்ணிக்கிடுத மாதிரி இருக்கணும். இந்த மூணையும் மறந்துராதீங்க."

அவர்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்ல சைக்கிளாக வந்திருக்கும்.

டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த சங்கரபாண்டி அண்ணாச்சி, கியர் என்று எதுவும் இல்லாத கறுப்பு வண்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். கூத்தையா அதைச் சுற்றி வந்தார்.

"பெல் எதுக்கு? நம்ம தவசிக்கு நல்ல தொண்டை இருக்கு."

பெல் கழன்றது.

"பிரேக் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"என்னய்யா இப்படிக் கேக்கீரு? வண்டியை நிறுத்தத்தான்."

"நாங்க ஏற்கெனவே பிந்திப் போற ஆளுக. நிறுத்துறதுக்கு ஒரு சாமானை மாட்டிக்கிட்டு எப்படிச் சீக்கிரம் போறது?"

பிரேக்கும் கழன்றது.

"சரி, இது நல்லா உழைக்குமா?" என்றார் தவசி.

"இருபது வருசம் உழைக்கும்."

மூவரும் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்தச் சைக்கிளையே பார்த்தார்கள்.

"சும்மாதான் சாஞ்சு நிக்குது" என்றார் தவசி. "ஒரு வேலையும் செய்யலை."

கடை வாசலில் அண்ணாச்சியின் சொந்தச் சைக்கிள் நின்றது. துருப்பிடித்த பழைய வண்டி. பின்னால் இரண்டு தவிட்டு மூட்டை ஏற்றியிருந்தார்கள். பெல், பிரேக் இரண்டும் எப்போதோ விழுந்துவிட்டன. தானாகவே எளிமையாகிக்கொண்டு வந்த சைக்கிள்.

"ரெண்டு மூட்டையைச் சுமந்துக்கிட்டு ஒரு முனகல் உண்டா பாரு" என்றார் ஆவுடையப்பன். புது வண்டிக்கான பணத்தைக் கொடுத்து அதையே கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை. மனசு உறுத்தியதோ என்னவோ, ஒரு ஸ்பேனரை இனாமாகக் கொடுத்தார்.

வழியில் வாய்க்கால் கரையில் கூத்தையா நின்றுவிட்டார்.

"கெட்டுப்போனா சரிபண்ண முடியுமான்னு பாக்கலையே?"

"கெட்டுப்போனாத்தானே பாக்க முடியும்?" என்றார் தவசி.

"இது எப்போ கெடும்?"

"இத்தனை வருசம் கெடாதது இனிமே கெடுமா? நாமதான் ஒத்தாசை பண்ணணும்" என்றார் ஆவுடையப்பன்.

பண்ணினார்கள். கழற்ற அரை மணி நேரம் ஆனது. மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. செயினும், இரண்டு பெடலும், சக்கரத்துக்குள் இருந்த ஒரு கைப்பிடி பால்ரஸ் குண்டுகளும் மிஞ்சியிருந்தன. சக்கரம் சுற்றவில்லை. ஆவுடையப்பனுக்கு உலகம்மையின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த மூளை தன்னிடம் இல்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பாத்தீங்களா" என்றார் தவசி. "இன்னும் எளிமையாயிட்டு."

ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது. வேட்டியில் எல்லாவற்றையும் முடிந்துகொண்டார்.

உலகம்மை சைக்கிளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் சைக்கிளை வீட்டில் விட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. வீட்டில் கிடந்தால் அது எப்படி உழைக்கும்? இட்லி அண்டாவை அதன் கேரியரில் கட்டி, சைக்கிளை மூவருமாகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கனம் அதிகம் என்பதால் வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னாலேயே கிளம்பவேண்டியிருந்தது.

ஏழரைக்குச் சூளையில் இருந்தார்கள். இட்லியில் ஆவி பறக்கவில்லை. மூவர் தலையிலும் பறந்தது. மேஸ்திரி தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"சைக்கிள் வாங்குன முதல் நாளே நேரத்துக்கு வந்துட்டீங்களே. வண்டி எப்படி?"

ஆவுடையப்பன் வேர்வையை வழித்தார். "நல்லா உழைக்குது மேஸ்திரி. கனந்தான் கொஞ்சம் கூட. இன்னொரு சைக்கிள் வாங்கி, இதை அதுல ஏத்திட்டு வரலாம்னு இருக்கோம்."

"ரெண்டையும் தூக்க மூணு பேர் பத்தாதே" என்றார் கூத்தையா.

மேஸ்திரி சூளையில் இருந்த ஆட்களை எண்ணிப் பார்த்தார்.

"நீங்க வாங்குங்க" என்றார் கடைசியில். "தூக்குறதுக்குச் சூளையிலேருந்து நாலு ஆளை நான் அனுப்புதேன்."