ஜாடிக்குக் காது முளைத்த கதை

முன்னொரு காலத்தில் சீன தேசத்து மலையடிவாரத்தில் யூன்ஷி என்ற கோட்டை நகரத்தைத் தாங்யோ என்றொரு அரசர் ஆண்டு வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிறந்தது முதல் அவர் வாயிலிருந்து 'நன்றி' என்ற சொல் மட்டும் வந்ததே இல்லை. "ஊரே என்னுடையது. என் பொருளை எனக்கே எடுத்துக் கொடுப்பவனுக்கு எதற்கு நன்றி?" என்பார். அரண்மனை நிலவறையில் ஜாடி ஜாடியாக இருந்த பழைய பிளம் மது என்றால் மட்டும் அவருக்கு உயிர்.

அந்த ஊரைப் பக்கத்து நாட்டுப் படை வந்து வளைத்துக்கொண்டது. தளபதி அம்பு பட்டு இறந்தார். அவர் மகள் யின்ஷு அழுது முடித்த கையோடு அப்பாவின் கவசத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மதில்மேல் ஏறி நின்றாள். கவசம் தொளதொளவென்று இருந்ததே தவிர, அவள் குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. வீரர்கள் அவள் சொன்னபடி கேட்டார்கள். அமைச்சர் கோங்பெய்க்குத்தான் வயிறு எரிந்தது. தளபதி பதவியைத் தன் மைத்துனனுக்கு என்று அவர் மனதுக்குள் எப்போதோ எடுத்து வைத்திருந்தார்.

திடீரென்று எதிரி தாக்குவதை நிறுத்தினான். முரசு மட்டும் ஓயாமல் முழங்கியது. சபையில் ஒரே கொண்டாட்டம்.

"களைத்துவிட்டான், மன்னா! உங்கள் பெயரைக் கேட்டே களைத்துவிட்டான்!" என்றார் கோங்பெய்.

"களைத்தவன் இப்படி முரசு அடிப்பானா, அமைச்சரே?" என்றாள் யின்ஷு. "வேறொரு சத்தத்தை மறைக்கத்தான் அடிக்கிறான். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறான்."

"பூமிக்குள் நடப்பதெல்லாம் உனக்குக் கேட்கிறதோ? அவ்வளவு பெரிய காதா உனக்கு?"

"காது போதாது, ஜாடி வேண்டும். பெரிய ஜாடியின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, மதிலோரம் புதைத்துக் காதை வைத்தால், பூமிக்கடியில் மண்வெட்டி விழுவது கேட்கும். அரண்மனை நிலவறையில் நல்ல ஜாடிகள் இருக்கின்றன, மன்னா."

அரசருக்குப் புரையேறிவிட்டது. "என் மதுவைக் கொட்டச் சொல்கிறாயா? ஊரில் போய்க் கேள்!"

கேட்டாள். ஊரார் கொடுத்தார்கள். குளிர்காலத்துக்கென்று உப்பில் ஊறவைத்திருந்த முள்ளங்கியையும் கீரையையும் வெளியே எடுத்துவிட்டு, ஜாடிகளைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். வெளியே எடுத்தால் கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

கோங்பெய் விடவில்லை. "மன்னா, சத்தம் கேட்காவிட்டால் இவள் தலையை எடுத்துவிடுங்கள். கேட்டால் அந்த ஜாடியை என் தலையில் நானே சுமக்கிறேன்!"

"சரி" என்றார் அரசர். யோசித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது!

மறுநாள் அரசரே மதிலோரம் மண்டியிட்டு ஜாடியில் காதை வைத்தார். டொக்... டொக்... சட்டென்று காதை எடுத்துக்கொண்டு யின்ஷுவைக் கூப்பிட்டார். யின்ஷு ஜாடிக்கு ஜாடி போய்க் கேட்டாள். ஒரு சத்தம் வெளியிலிருந்து வந்தது. இன்னொன்று ஊருக்குள்ளிருந்தே, கோங்பெய் வீட்டுத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்தது. அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"மன்னா, எதிரி நம் அமைச்சர் வீட்டுத் தோட்டத்துக்கு அடியிலேயே வந்துவிட்டான். அங்கே துளை போட்டு, கடுகையும் மிளகையும் எரித்து, துருத்தியால் புகையை உள்ளே ஊதப் போகிறேன். ஒருவன் மிஞ்ச மாட்டான்."

கோங்பெய் முகம் வெளுத்தது. "வேண்டாம், வேண்டாம்! என் பூச்செடியெல்லாம் கருகிவிடும்!"

"துருத்தியைக் கொண்டு வாருங்கள்!"

"ஐயோ, ஊதாதே அம்மா! உள்ளே என் மைத்துனன் இருக்கிறான்!"

சிரிப்பதா சினப்பதா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். ஊர் விழுந்தால் தான் மட்டும் தப்பி ஓடுவதற்கு, அமைச்சர் மைத்துனனை வைத்து வழி தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு சுரங்கமும் தெரியாமல் முட்டிக்கொண்டால், எதிரி நேராக ஊருக்குள் வந்து நிற்பான்.

அரசர் வாளை உருவினார். யின்ஷு குறுக்கே வந்தாள்.

"பொறுங்கள், மன்னா. அமைச்சருக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும். எதிரியிடம் போகப் பாதி வழியை அவரே தோண்டி வைத்திருக்கிறார். நமக்கு வேலை மிச்சம்."

மைத்துனனை மேலே இழுத்து, துருத்தியை அவன் கையிலேயே கொடுத்தார்கள். யின்ஷு உள்ளே இறங்கி, இரண்டு சுரங்கத்துக்கும் நடுவே இருந்த மிச்ச மண்ணைக் குத்தித் திறந்துவிட்டு ஓடி வந்தாள். புகை போயிற்று. பூமிக்கடியில் ஒரு படையே தும்முவது ஜாடியில் காதை வைக்காமலே கேட்டது. சுரங்கத்தையே நம்பியிருந்த எதிரி, பனி விழுமுன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

"என்ன வேண்டும், கேள்!" என்றார் அரசர்.

"ஜாடிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மன்னா."

"இவ்வளவுதானா? கொடுத்துவிடு."

"அவர்கள் வெறும் ஜாடியைக் கொடுக்கவில்லையே. குளிர்காலச் சாப்பாட்டையும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள்."

நிலவறை நிறைய வைத்திருந்த தான் கொடுக்கவில்லை, ஒன்றே ஒன்று வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள் என்பது அரசருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து போய், ஊரார் ஜாடிகளில் தன் பிளம் மதுவை நிரப்பச் சொன்னார். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் ஏற்றச் சொன்னார். பின்னால் கோங்பெய் தலையில் ஜாடியோடு வர, தானே தெருவில் இறங்கி நடந்தார்.

முதல் வீடு கூடை முடையும் ஒரு பெண்ணுடையது. அரசர் அவள் வாசலில் போய் நின்றார். "நன்றி, அம்மா" என்றார் மெதுவாக.

அவளுக்கு விளங்கவில்லை. அரண்மனை வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. "என்னங்க மகாராசா, இன்னொரு ஜாடி வேணுமா? எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதானுங்க."

அரசர் கண் கலங்கிவிட்டது. "கேட்க வரவில்லை, அம்மா. கொடுக்க வந்தேன்" என்று சொல்லி, 'நன்றி' என்ற அந்தச் சொல்லை இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.

வீடு வீடாகச் சொல்லி முடிப்பதற்குள் கோங்பெய்க்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அரசருக்குக் குரலே கட்டிவிட்டது. கடைசியாக யின்ஷுவின் முன்னால் வந்து நின்றபோது, சொல்ல வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. அதனால், யாருக்கும் குனிந்தறியாத தாங்யோ அரசர், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, அந்தப் பெண்ணின் முன்னால் தலை தாழ்த்தி வணங்கினார்.