ஊமத்தம்பட்டியின் பொது அறிவு அணி

ஊமத்தம்பட்டியில் கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீரும் இருந்தது. இறைக்கிற மோட்டார்தான் புகைந்துபோய்க் கிடந்தது. கயிறு இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போன பெண்கள், மோட்டார் வராமல் இனி அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னபடி எரியவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து டவுனில் ஒரு மோட்டார் கடைக்காரர் பொது அறிவுப் போட்டி அறிவித்தார். ஊருக்கு மூன்று பேர் வரலாம். ஜெயிக்கிற ஊருக்குப் புது மோட்டார். ஊர் கூடிப் பூலோகம், சடையாண்டி, காத்தமுத்து மூவரையும் தேர்ந்தெடுத்தது. எந்த விஷயத்தையும் முடிவே வராமல் பேசக்கூடியவர்கள் ஊரில் இவர்கள்தான்.

"மோட்டாரோட வாங்க. இல்லாட்டி வராதீங்க" என்றாள் பூலோகத்தின் மனைவி பேச்சியம்மா.

பள்ளிக்கூடத்து செண்பகவல்லி டீச்சர் ஒரு தடித்த பொது அறிவுப் புத்தகத்தைக் கொடுத்தார். "இதை நல்லாக் கரைச்சுக் குடிச்சிருங்க. எந்தக் கேள்வி வந்தாலும் பயமில்லை."

மூவரும் நேரே போய் ஒரு அண்டாவை இரவல் வாங்கினார்கள்.

"முழுசையும் ஒரே ஆள் குடிச்சா உடம்பு தாங்காது" என்றார் பூலோகம். வயதில் மூத்தவர் என்பதால் வரலாற்றைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அறிவியல் சடையாண்டிக்கு. கலையும் பண்பாடும் காத்தமுத்துவுக்கு.

"வெந்நீரா, பச்சைத்தண்ணியா?" என்று கேட்டார் காத்தமுத்து.

"வரலாறு ரொம்பப் பழசு. வெந்நீர் இல்லாமக் கரையாது."

"அட்டையையும் குடிக்கணுமா?"

சடையாண்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல புத்தகத்தோட பேர் மட்டும்தான் இருக்கு. அது நமக்கே தெரியும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். அறிவியல் கசந்தது. கலையில் பசை வாடை அடித்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை பூலோகத்துக்கு வயிறு போக ஆரம்பித்தது. சாயங்காலம் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தார்.

"சோழர்கள் வரைக்கும் போயிட்டாங்கன்னு நினைக்கிறேன். பாண்டியர்கள் இருக்காங்களான்னு தெரியலை."

"கஞ்சியா குடிங்கண்ணே. இருக்கிறவங்களையாவது காப்பாத்துவோம்" என்றார் சடையாண்டி. நண்பர்கள் இருவருக்கும் அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

போட்டியில் மூன்று ஊர்கள் கலந்துகொண்டன. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மணி. போட்டி நடத்தியவர் விதியைச் சொன்னார்: "நல்லா யோசிங்க. யோசிச்சு முடிச்ச பிறகு மணியை அடிங்க. தப்பான பதிலுக்கு மார்க் குறையும்."

முதல் கேள்வி, மனித உடம்பில் எத்தனை எலும்புகள்? மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் முந்திக்கொண்டு மணி அடித்துத் தப்பாகச் சொன்னார்கள். ஊமத்தம்பட்டி மேஜையில் சடையாண்டி, காத்தமுத்துவைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்.

"கழுத்து வரைக்கும் ஆச்சு. விலாவுல கை வச்சாச் சிரிக்கிறான்."

"சிரிக்கிற எலும்பு கணக்குல சேருமா?" என்று பூலோகம் கவலைப்பட்டார். நேரம் முடிந்தது.

அடுத்தது, சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பக்கம் மறுபடியும் மணிச் சத்தம், மறுபடியும் தப்பு.

"நம்ம ஊருக்கு விடியிறப்போ வந்துருது" என்றார் காத்தமுத்து. "அங்கேருந்து எப்பக் கிளம்புதுன்னுதான் தெரியலை."

"கிளம்புறப்போ இங்க இருட்டா இருக்குமே. யார் பார்த்திருப்பா?" என்றார் சடையாண்டி. அதற்குள் இந்த நேரமும் முடிந்தது.

மூன்றாவது, முதலாம் பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டு. இருவரும் பூலோகத்தின் வயிற்றைப் பார்த்தார்கள். அவர் அதை மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"இருந்துச்சு" என்றார். "செவ்வாய்க்கிழமை போயிருச்சு."

கடைசிவரை இப்படியே போனது. மார்க்கைக் கூட்டியபோது மற்ற இரண்டு ஊர்களும் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தன. மணியைத் தொடாத ஊமத்தம்பட்டி பூஜ்யத்தில் நின்றது. நடத்தியவர் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்துவிட்டு, மோட்டாரைத் தூக்கிக் கொடுத்தார்.

"நாங்க இன்னும் யோசிச்சு முடிக்கலையே" என்று சடையாண்டி தயங்கினார்.

"தயவுசெஞ்சு வாங்கிட்டுப் போங்க" என்றார் அவர்.

ஊரே திரண்டு வந்து வரவேற்றது. மெக்கானிக் வந்து மோட்டாரைக் கிணற்றில் மாட்டி, குழாயை ஊர் நடுவிலிருந்த மேல்நிலைத் தொட்டியில் விட்டு, "தொட்டி நிரம்பினதும் நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சியம்மா முதல் குடத்தை நிரப்பிக்கொண்டு, புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப காலமாகிவிட்டதால் பூலோகம் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

அன்று மத்தியானம் தொட்டி வழிய ஆரம்பித்தது.

"நிறுத்திரலாமா?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

பூலோகம் யோசித்தார். "வழியுதுன்னா உள்ளே இருக்கிறது குறையுது. குறையுதுன்னா இன்னும் நிரம்பலை. நிரம்பாம நிறுத்தக் கூடாதுன்னு மெக்கானிக் சொல்லியிருக்கார்."

பொது அறிவில் ஜெயித்தவர் சொல்லும்போது யார் மறுத்துப் பேச முடியும்? மோட்டார் ஓடியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. "ஒத்தை மோட்டார், பாவம், தனியாப் போராடுது" என்று காத்தமுத்து ஏணி போட்டார். ஊரே வரிசையாக நின்று, தெருத்தண்ணீரை வாளி வாளியாக மொண்டு தொட்டியில் ஊற்றியது. ஊற்ற ஊற்ற அது வழிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கைகள் ஓய்ந்து எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அதே நேரம் கிணறும் வற்றி, குழாயில் வெறும் காற்று வந்தது. சடையாண்டி மேலே ஏறிப் பார்த்தார்.

"வழியிறது நின்னுருச்சு" என்று திருப்தியோடு கீழே குரல் கொடுத்தார். "இப்பத்தான் நிரம்பியிருக்கு. மோட்டாரை நிறுத்துங்க."