அரசர் காதுக்கு எண்ணெய்

செங்கழனியை ஆண்ட பூபால மகாராஜாவுக்குத் தம்மைப் பற்றி ஒரு பெருமை. "நான் ஆள் பார்த்து நியாயம் சொல்கிறவன் இல்லை" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொள்வார். பாவம், மனதார நம்பித்தான் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய விகடர் குப்பண்ணருக்கு நாக்கு அரிக்கும்.

சபையில் பிரபுக்கள் அரசருக்கு வலப்பக்கம், குடிமக்கள் இடப்பக்கம். ஒருநாள் கடைசித் தெரு ஒச்சம்மா வந்து நின்றாள்.

"சாமி, எங்க தெருவுக்குக் குடிக்க இருக்கிறது ஒரே குளம். அரமனை யானைகளை அதுலதான் குளிப்பாட்டுறாங்க. அந்தச் சேத்துத் தண்ணியக் குடிச்சுப் பிள்ளைங்க வயித்தால போய்க் கிடக்குதுங்க. போன மாசமும் வந்து சொன்னேன்."

அரசர் மோதிரத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆகட்டும், பார்ப்போம்" என்றார்.

அடுத்து வலப்பக்கமிருந்து தளவாய் ரங்கப்பர் முணுமுணுத்தார். "யானைகள் குளத்துக்குப் போகிற வழியில் புழுதி கிளம்பி, எங்கள் வீட்டு வடகமெல்லாம் மண்ணாகிறது, மகாராஜா."

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா, வடகத்தில் மண்ணா? இன்றே யானைகளை வேறு வழியாகக் குளத்துக்கு ஓட்டிப் போங்கள்."

ஒச்சம்மா திரும்பிப் போய்விட்டாள். குப்பண்ணர் பின்னாலேயே ஓடி, நாளைக்கும் வரச் சொன்னார்.

மறுநாள் அவர் ஒரு கிண்ணம் நிறைய வெதுவெதுப்பான நல்லெண்ணெயோடு சபைக்கு வந்தார்.

"எதற்கு ஓய் இது?"

"தங்கள் இடது காதுக்கு, மகாராஜா. அது மந்தமாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யார் பேசினாலும் விழுவதில்லை."

"என் காதா மந்தம்? சோதித்துப் பாரும். காது நன்றாக இருந்தால் உமது குடுமியைச் சிரைத்துவிடுவேன்."

அந்தக் குடுமியைக் குப்பண்ணர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்துவந்தார். ஆனாலும் தலையாட்டினார். பிரபுக்களை இடப்பக்கத்துக்கும் குடிமக்களை வலப்பக்கத்துக்கும் மாற்றி நிறுத்தினார்.

இடப்பக்கமிருந்து தளவாய் மெல்ல, "வடகம் நன்றாகக் காய்ந்துவிட்டது" என்றார்.

"வடகம் காய்ந்துவிட்டதாம்" என்று அரசர் கைதட்டினார். "இடது காதில் பழுதில்லை. குடுமி போயிற்று, ஓய்."

"வலது காதையும் பார்த்துவிடுவோம்" என்று குப்பண்ணர் கண்ணைக் காட்டினார். ஒச்சம்மா முன்னால் வந்து, தன் குறையை முதலிலிருந்து உரக்கவே சொன்னாள்.

அரசரின் கை தானாக மோதிரத்துக்குப் போயிற்று. "ஆகட்டும், பார்ப்போம்" என்றார்.

"எதை, மகாராஜா?" என்று கேட்டார் குப்பண்ணர்.

அரசர் இழுத்தார். "ஏதோ... யானை என்று..."

அரசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிம்மாசனத்தைவிட்டு இறங்கி அவளருகில் போய், "அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார். அவள் சொல்லி முடிக்கும்வரை வேறெங்கும் பார்க்கவில்லை. அன்றே யானைகளை அரண்மனைத் தடாகத்துக்கு மாற்றச் சொன்னார்.

பிறகு குப்பண்ணரிடம் திரும்பினார். "இரண்டு காதும் நன்றாகத்தானே இருக்கின்றன, ஓய்? பின்னே ஏன் எனக்கு விழவில்லை?"

"அடைப்பு காதில் இல்லை, மகாராஜா. இன்னும் கொஞ்சம் மேலே. அங்கே எண்ணெய் விட்டால் என் குடுமியோடு தலையும் போய்விடும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கிரீடத்தைக் கழற்றித் தளவாய் கையில் கொடுத்தார்.

"குடுமி உமக்கே" என்று தலையைக் குனிந்தார். "ஊற்றும்."