உப்பளத் திருப்பம்

நடுவர் மஞ்சள் பலகையைத் தூக்கிக் காட்டினார். பொன்னுலிங்கம் அதைப் பார்க்காதவர் போல முகத்தை நேராக வைத்துக்கொண்டு அவரைக் கடந்தார். பலகையில் அலை மாதிரி ஒரு கோடு. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுகின்றன என்று எச்சரிக்கை. நடைப் பந்தயத்தில் எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஓட்டம்.

அடுத்த சுற்றில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். அவருடைய எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்பு அட்டைகள் ஒட்டியிருந்தன. மூன்றாவது விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான். போன வருஷம் அப்படித்தான் போனார். அதற்கு முந்தின வருஷமும்.

இப்போது அவர் நான்காவது. முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். மூன்றாவதாகப் போகிற சிவப்புத் தொப்பிக்காரர் கைக்கு எட்டாத தூரத்தில், ஆனால் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். தேசியப் போட்டிக்குப் போகப் போவதாகப் பொன்னுலிங்கம் தூத்துக்குடி கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

அவருக்கு இரும்புக் கடை. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னபிறகு, துறைமுகச் சாலையில் காலையில் ஓட ஆரம்பித்தார். இரண்டாம் நாள் ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனார். பின்னால் மூன்று தெருநாய்கள். ஓடிக்கொண்டிருந்தவர் பொன்னுலிங்கம். நடந்துகொண்டிருந்தவர் அந்தப் பெண். பொன்னுலிங்கம் நின்றுவிட்டார். அவ்வளவு வேகமான ஒன்று அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

அவர்தான் ஜெபக்கனி. பொன்னுலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவர். மறுநாளிலிருந்து அவரைப் பொன்னுலிங்கம் மாஸ்டர் என்று கூப்பிட்டார். ஜெபக்கனி இவரை அண்ணாச்சி என்றார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து மாஸ்டர் பந்தயத்தில் நடக்கிறார். அப்போதும் பின்னால் நாய்கள் வந்தன. அந்த நாய்களின் பேரன் பேத்திகளுக்குப் பிறந்தவைதான் இப்போதிருக்கிற சுக்கு, மிளகு, திப்பிலி. ஒரு பாராட்டுக் கூட்டத்தில் உங்கள் கோச் யார் என்று கேட்டதற்கு, வெளியே படுத்திருக்கு என்றாராம். இத்தனை வருஷத்தில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. அவர் கடக்கும்போது நடுவர்கள் பலகையில் கைவைப்பார்கள், குனிந்து காலைப் பார்ப்பார்கள், கையை எடுத்துவிடுவார்கள்.

பொன்னுலிங்கம் கற்றுக்கொண்டார். முழங்காலை மடக்காமல் ஊன்றினார். இடுப்பைச் சுழற்றினார். டீக்கடையில், “அண்ணாச்சி, இந்த ஆட்டு ஆட்டுதீங்களே, கரகத்தை எங்க வச்சீங்க?” என்று கேட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். ஒன்றுதான் பிடிபடவில்லை. கால் தரையை விட்டது நடுவருக்குத் தெரிகிறது. நடக்கிறவனுக்குத் தெரியவில்லை. அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று மாஸ்டரிடம் ஓயாமல் கேட்டார்.

“நாய்களோட நடங்க, அண்ணாச்சி.”

அவ்வளவுதான் பதில். கேலி செய்கிறார் என்று நினைத்தார். இருந்தாலும் நடந்தார். மாஸ்டருடன் போகும்போது மூன்றும் பெண்ணழைப்புக்குப் போகிற மாதிரி ஒழுங்காகப் போகும். இவருடன் போகும்போது சில நாள் திடீரென்று குரைத்துக்கொண்டு பாயும். பன்றியைப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

பந்தயப் பாதையின் கடைசித் திருப்பம் உப்புக் குவியல்களுக்குப் பின்னால் இருந்தது. கடைசிச் சுற்றில் சிவப்புத் தொப்பி அங்கே வளைந்து மறைந்தது. பொன்னுலிங்கம் திருப்பத்துக்குள் நுழைந்தார். அங்கே நடுவருக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. வெயில் தாங்காமல் அவர் பந்தலுக்குப் போயிருக்க வேண்டும். குவியல் நிழலில், மாஸ்டரோடு வந்திருந்த சுக்கும் மிளகும் திப்பிலியும் படுத்திருந்தன. பழகிய காலைக் கண்டதும் எழுந்து கூட வந்தன.

முன்னால் ஆளில்லை. பின்னாலும் ஆளில்லை.

பொன்னுலிங்கம் ஓடினார்.

கொஞ்ச தூரம்தான். மூன்று நாய்களும் ஒரே நேரத்தில் பாய்ந்து, வானம் அதிரக் குரைத்துக்கொண்டு கூடவே ஓடின. குவியல்கள் முடிகிற இடத்தில் அவர் மறுபடி நடந்தார். நாய்கள் வாயை மூடிக்கொண்டன. சிவப்புத் தொப்பி இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முடிவுக் கோட்டுக்கு முன்பே அதைத் தாண்டினார். நல்ல நடைதான். ஒரு பலகையும் உயரவில்லை.

பந்தல் ஓரத்தில் மாஸ்டர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பந்தயம் காலையிலேயே முடிந்திருந்தது. வழக்கம் போல அவர்தான் முதல்.

“மாஸ்டர், மூணாவது.”

“தண்ணி குடிங்க.”

“சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லலாம்லா?”

“மூச்சு வாங்குது உங்களுக்கு. முதல்ல தண்ணி.”

குடித்தார். சிவப்புத் தொப்பிக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, கடைசியில் எங்கிருந்து வந்தீர்கள், நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். வீட்டிலிருந்து மகன் போன் செய்தான். பொன்னுலிங்கம் எடுக்கவில்லை.

மாஸ்டர் திப்பிலியை மடியில் இழுத்துப்போட்டு அதன் காதில் உண்ணி தேடிக்கொண்டிருந்தார்.

“திருப்பத்துல இதுக போட்ட சத்தம் இங்க கேட்டுதா?” என்றார் பொன்னுலிங்கம்.

“கேட்டுது.”

“பன்னி எதுவும் வந்திருக்கும்.”

“உப்பளத்துல பன்னிக்கு என்ன சோலி?”

பொன்னுலிங்கத்தின் குரலில் இப்போது கோபம் இருந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“இதுகளைக் கட்டிப்போட்டிருக்கலாம், மாஸ்டர். அந்தத் திருப்பத்துல ஒரு ஜட்ஜும் கிடையாது. பார்க்க ஒரு மனுஷன் கிடையாது. அப்புறம் எதுக்கு இதுக குரைச்சுக்கிட்டு ஓடணும்?”

மாஸ்டர் ஒரு உண்ணியைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அதுகளுக்கு ஜட்ஜ் எங்க நிக்காருன்னு தெரியாது, அண்ணாச்சி.”

வெற்றி பெற்றவர்கள் நெஞ்சில் எண்ணோடு மேடைக்கு வர வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். பந்தலில் எல்லோரும் எழுந்தார்கள். பொன்னுலிங்கம் தலையைக் குனிந்து, எண்ணைக் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.