முனியப்பன் இருந்த இடம்

பொங்கியண்ணன் பட்டறைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தார்.

"ஏமாத்திட்டாங்க வாத்தியாரம்மா! ஒரு டிராக்டர் என்னை ஓவர்டேக் எடுக்குது. கரும்பு ஏத்தின டிராக்டர்! மேல உக்காந்திருந்தவன் டாட்டா வேற காட்டுறான்!"

வசந்தாமணி ஜாக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எந்த இடத்துல?"

"கணவாய் ஏத்தத்துல. சமதரையில நல்லாத்தான் போகுது. ஏத்தத்தைக் கண்டா இழுக்க மாட்டேங்குது."

பொங்கியண்ணன் காலமெல்லாம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். மனைவியின் கழுத்தையும் கையையும் மொட்டையாக்கி, இப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய பத்துச் சக்கர வண்டி வாங்கியிருந்தார். சொந்த வண்டிக்காரனுக்கு அதன் வயிற்றுக்குள் இருப்பதும் தெரிய வேண்டும் என்று, லோடு இல்லாத நாளெல்லாம் கணவாய் அடிவாரத்தில் வசந்தாமணியின் டீசல் பட்டறையில் ஸ்பேனர் பிடித்துத் தொழில் கற்றார். குருவைவிடச் சிஷ்யருக்கு வயது அதிகம். அதைப் பற்றி இருவருமே அலட்டிக்கொண்டதில்லை.

"கம்ப்யூட்டரை மாட்டிப் பாருங்க" என்றார் பொங்கியண்ணன்.

"மாட்டலாம். முதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

டீசல் ஃபில்டரைக் கழற்றினார்கள். சுத்தமாக இருந்தது. டர்போ குழாயைத் தடவிப் பார்த்தார்கள். கிழிசல் இல்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, பொங்கியண்ணனுக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது.

"புரோக்கர் மாதேஷ் என்ன சொன்னான் தெரியுங்களா? 'அண்ணா, இந்த வண்டியில கோளாறுன்னு ஒரு லாம்ப்கூட எரியாது'ன்னான்."

"எரிஞ்சுதா?"

"அதுல குத்தம் சொல்ல முடியாதுங்க. இன்னைக்கு வரைக்கும் எரியலை."

வசந்தாமணி கையைத் துடைத்தபடி எழுந்தார். "ஏறி உக்காருங்க. சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். எரியிற லாம்ப்பையெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

"ஆயில்... பேட்டரி... பிரேக்..."

"இஞ்சின் லாம்ப்?"

"எரியலைங்க."

"சாவி போட்டதும் எல்லா லாம்ப்பும் ஒரு தடவை எரிஞ்சு அணையணும். அது இருக்க வேண்டிய இடத்துல என்ன இருக்கு?"

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். "அங்க முனியப்பன் இருக்காருங்க."

கட்டைவிரல் அகல ஸ்டிக்கர். முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக முனியப்பன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் இந்த வண்டியையே எடுத்தார். பக்கத்தில் இதைவிடப் பளபளப்பாக ஒரு வண்டி நின்றது. ஆனால் அதில் முனியப்பன் இல்லை. தினமும் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவி போடுவார். வெள்ளிக்கிழமையென்றால் சந்தனமும் உண்டு.

"அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க" என்றார் வசந்தாமணி.

"சாமி குத்தம் ஆயிடாதுங்களா?"

"ஆச்சுன்னா, ஒட்டினவனுக்கு ஆகட்டும்."

பொங்கியண்ணன் இறங்கி, கை கழுவி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். "அப்பனே, மன்னிச்சுக்க" என்று நகத்தால் நெம்பினார். அடியில் கறுப்பு டேப். அதற்கும் அடியில், மஞ்சளாக, இஞ்சின் லாம்ப் எரிந்துகொண்டிருந்தது. இஞ்சினைக் கிளப்பிய பிறகும் அது அணையவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வசந்தாமணி வண்டிக்கு அடியில் படுத்து, புகையை வடிகட்டும் டப்பாவை ஸ்பேனரால் தட்டினார். காலிக் குடம் போல ஒலித்தது. உள்ளே இருந்த வடிகட்டியை யாரோ அறுத்தெடுத்துவிட்டு டப்பாவை மட்டும் திரும்ப வெல்டு வைத்திருந்தார்கள். புகையின் விஷத்தை முறிக்க யூரியாத் தண்ணீர் போகும் குழாயை அடைத்திருந்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இது என்னங்க?"

"யூரியா போகுது, புகை சுத்தமா இருக்குன்னு இஞ்சின் கம்ப்யூட்டர்கிட்ட ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கிற பெட்டி."

"அது நம்பிடுமா?"

"சமதரையில நம்பும். ஏத்தத்துல சந்தேகம் வந்துரும். லாம்ப்பைப் போட்டுட்டு இழுவையைக் குறைச்சுரும்."

பொங்கியண்ணன் கையிலிருந்த ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டினார். "முனியப்பன் பேரைச் சொல்லிப் பொய்ச் சத்தியம் பண்ணவே எங்க ஊர்ல எவனும் பயப்படுவான். இந்தப் படுபாவி முனியப்பனையே தூக்கி ஓட்டையை அடைச்சிருக்கான்! நானும் அதுக்குச் சந்தனம் வச்சிருக்கேன்! சாமியை வச்சு மறைக்க ஒரு மனுசனுக்கு எப்படிங்க கை வருது? சொல்லுங்க வாத்தியாரம்மா, எப்படிக் கை வருது?"

"தெரியலீங்கண்ணா. தெரிஞ்சாச் சொல்றேன்." வசந்தாமணி அவர் கையிலிருந்த ஸ்டிக்கரை வாங்கி, ஒரு கிரீஸ் டின்னின் மூடியில் லேசாக ஒட்டி வைத்தார்.

"சரி பண்ண முடியுங்களா?"

"பண்ணலாம். டப்பா புதுசு போடணும், குழாய் புதுசு. சாமான் வர்ற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும். ரொம்ப நாள் நிக்கும்."

பொங்கியண்ணன் போனை எடுத்து மாதேஷைக் கூப்பிட்டார். திட்டிய திட்டில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மாதேஷ் நிதானமாகக் கேட்டான். "அண்ணா, லாம்ப் எரியாதுன்னுதானே சொன்னேன். எரிஞ்சுதா? நீங்களா நோண்டி எடுத்துட்டு என்னைய வையிறீங்க." அப்புறம் குரலைத் தணித்தான். "சரி விடுங்க. வண்டி வாங்க ஒரு பார்ட்டி இருக்கு. சாயங்காலம் அனுப்புறேன். அப்படியே தள்ளி விட்டுருங்க."

பொங்கியண்ணன் போனை அணைத்துவிட்டு, துணியை நனைத்து வண்டியின் முகப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று அவர் வேறு எதையும் திட்டவில்லை.

சாயங்காலம் சித்துராஜ் என்பவர் மனைவியோடு வந்தார். அவரும் அடுத்தவர் வண்டியை ஓட்டியே தலை நரைத்தவர். பம்பரைத் தடவினார். டயரை உதைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகப்பில் பூச்சரம் கட்ட இடம் பார்த்தார். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி இன்னும் இருந்தது.

"கணவாய் ஏறுங்களாண்ணா?" என்றார் சித்துராஜ்.

"ஒரு லாம்ப்கூட எரியாதுங்க" என்றார் பொங்கியண்ணன். "ரெண்டு பேரும் டீ குடிங்க. இதோ வந்துடறேன்."

பட்டறைக்குள் வந்தார். வசந்தாமணி எதையோ கழுவிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, அந்த முனியப்பன் படம்..."

"எதுக்குங்கண்ணா?"

"சாமி இல்லாம வண்டி வெறிச்சுனு கெடக்குது."

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு, டின் மூடியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பசை இன்னும் காயவில்லை. அது அப்படியே கையில் ஒட்டிக்கொண்டது. முனியப்பன் அங்கிருந்து உருட்டி விழித்தார்.

"காலையில என்னைக் கேட்டீங்க, எப்படிக் கை வருதுன்னு. எனக்குத் தெரியலை" என்றார் வசந்தாமணி. "இப்ப நீங்கதான் சொல்லோணும்."