செங்கோடன் கைக்கு மட்டும் ஓடிய வைப்பர்

கொல்லிமலை மேலே ஒரு மடம். மடம் என்றதும் கோபுரமும் பெரிய பெரிய தூண்களும் கண்ணில் வந்தால் துடைத்துவிடுங்கள். தகரம் போட்ட வீடு ஒன்று, ஒரு அடுப்படி, ஒரு வேன். அவ்வளவுதான் மடம்.

குரு ஒரு பெண். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எல்லாரும் அம்மா என்பார்கள்.

மலைக் கிராமங்களில் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் பெண்களைப் புதன்கிழமைதோறும் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பரிசோதனை முடிந்ததும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அந்த மடத்தின் முதல் வேலை. பூசையெல்லாம் அதற்கப்புறம்.

அந்த வேனை ஓட்டியவர் செங்கோடன். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் மலையேறி வந்து சீடராகச் சேர்ந்தார். அம்மாவைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். அம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

மழைக்காலம் தொடங்கியபோது வேனின் வைப்பர் சுவிட்ச் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கிடம் போயிருப்பார்கள். செங்கோடன் போகவில்லை. நோண்டி நோண்டி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். லீவரை மேலே தூக்கி, அடியில் சுண்டு விரலால் ஒரு தட்டு. பலமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அப்படியே கொஞ்சம் பிடித்திருந்தால் வைப்பர் எழுந்து ஆடும்.

வேறு யார் தட்டினாலும் ஆடாது.

"நம்ம டிரைவரய்யா கைக்குத்தான் இது அடங்குது" என்று வேனில் வரும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட நாளெல்லாம் செங்கோடன் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஒருநாள் காலை அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கோடன் வேனைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஈரத் துணி.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கண்ணா."

"பீடியை விட்டேன். கறியை விட்டேன். சீரியல் பார்க்கறதையும் விட்டுட்டேன்."

"சீரியலா?"

"அதுதானுங்க ரொம்பச் சிரமமா இருந்துச்சு."

அம்மா சிரித்துவிட்டார்.

"இத்தனையும் விட்டும் மனசு லேசாக மாட்டேங்குதுங்க. இன்னும் எதை விடணும்?"

அம்மா ஒரு கீரைத் தண்டை எடுத்து முற்றலா இளசா என்று கிள்ளிப் பார்த்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து நவமணி செங்கோடன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மடத்தில் சமையல் பார்க்கிறவள் அவள். சமீபத்தில்தான் டிரைவிங் லைசென்ஸ் எடுத்திருந்தாள்.

"பெரியப்பா, நாமக்கல் சர்வீஸ் சென்டர்லயிருந்து பேசறாங்க. வண்டியைப் பத்தியாம்."

செங்கோடன் போனை வாங்கிக்கொண்டு வேன் பக்கம் நகர்ந்தார்.

"உங்க மாடல் வண்டிக்கெல்லாம் கம்பெனி ரீகால் போட்டு, திரும்பக் கூப்பிட்டிருக்குதுங்க" என்றது அந்தப் பக்கக் குரல். "வைப்பர் சுவிட்ச்சுல செய்யறப்பவே ஒரு தப்பு ஆகிப்போச்சு. தப்பு எங்க பக்கம்தான். கொண்டாங்க, காசில்லாம மாத்தித் தர்றோம்."

"எங்க வண்டி நல்லாத்தான் ஓடுதுங்க."

"ஓடினாலும் மாத்தணுங்க. திடீர்னு நின்னுரும்."

"எங்கிட்ட நிக்காது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அம்மா கேட்டார். "என்னவாம்ண்ணா?"

"சும்மாதானுங்க. சர்வீஸுக்கு வரச் சொல்றாங்க."

"சுண்டு விரல் ஏன் வீங்கியிருக்கு?"

செங்கோடன் கையை ஈரத் துணிக்குள் மறைத்தார். "கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க."

அந்த நம்பரிலிருந்து மறுபடியும் போன் வந்தது. அவர் எடுக்கவில்லை.

நவமணிக்கு வேனை ஓட்ட ஆசை. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"பெரியப்பா, அந்த வைப்பர் வித்தையை எனக்கும் சொல்லித் தாங்களேன்."

"அதெல்லாம் கைப்பழக்கம் அம்மிணி. வாயால சொன்னா வராது."

"சொல்லித்தான் பாருங்களேன்."

"மழைக்கு நான் இருக்கறேன். வெயிலுக்கு நீ ஓட்டு."

"அப்ப நான் சித்திரை மாசம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை செங்கோடனுக்குக் காய்ச்சல் கண்டது. புதன் காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது. நவமணி சாவியை எடுத்துக்கொண்டாள். அம்மாவும் கூடப் போனார். வழியில் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் மலை இறங்கியது.

அவர்கள் கிளம்பும்போதே, போர்வைக்குள் கிடந்த செங்கோடன் சுவிட்ச் விஷயத்தை மூன்று தரம் சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. வெயில்தானே அடிக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் தகரத்தில் முதல் துளி விழுந்தது. பிறகு யாரோ ஒரு மூட்டைக் கடலையை மேலே கொட்டின மாதிரி சத்தம். செங்கோடன் எழுந்து உட்கார்ந்தார். அவசரத்தில் நம்பர் சரியாக விழவில்லை. திரும்பப் போட்டார்.

"நவமணி, எங்க இருக்கே?"

"பாதி மலை ஏறிட்டோம் பெரியப்பா. மழை கொட்டுது. வைப்பர் ஓட மாட்டேங்குது."

"ஓரங்கட்டு சாமி. முதல்ல ஓரங்கட்டு."

"ஓரம் எங்க இருக்குதுன்னே தெரியலயே."

"சரி, கேளு. லீவரை மேல தூக்கு. தூக்கிட்டியா? அடியில சுண்டு விரலால தட்டு."

"தட்டறேன். ஒண்ணும் ஆகல."

"அவ்வளவு பலமா இல்ல. அவ்வளவு மெதுவாவும் இல்ல. கொஞ்சம் உள்ள தள்ளி."

"உள்ளன்னா எந்த எடம் பெரியப்பா?"

அவர் சுண்டு விரல் காற்றில் அந்த இடத்தைச் சரியாகத் தட்டியது. எந்த இடம் என்று வாய்க்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது.

போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் ரோட்டோரம் வந்து நின்றார். காய்ச்சல் உடம்பு, மேலெல்லாம் மழை. சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை. 'மேல தூக்கு, அடியில தட்டு' என்பதுதான் மந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப வந்தது.

மழை குறைந்து பனிமூட்டம் இறங்கியது. பொழுது சாயும் நேரத்துக்கு வளைவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. வண்டி வெளிச்சம் இல்லை, டார்ச் வெளிச்சம். அம்மா தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டின் நடுவில் நடந்து வந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வேன் பின்னால் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது.

செங்கோடன் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நவமணி இறங்கி ஓடி வந்தாள். "பெரியப்பா, என்ன இது, மழையில வந்து உட்கார்ந்துக்கிட்டு? எங்களுக்கு ஒண்ணும் ஆகல. பாறையோரமா நிறுத்தி மழை விடற வரைக்கும் உள்ளயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அம்மா இறங்கி முன்னால நடந்தாங்க."

வேன் ஜன்னல் திறந்தது. நிறைமாதமாக இருந்த பெருமாயி தலையை நீட்டினாள். "டிரைவரய்யா, எம்புள்ள உள்ள இருந்தே ரைட் ரைட்டுன்னு சொல்லிக்கிட்டு வந்துச்சு. நாங்க நல்லாத்தான் வந்தோம்."

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் செங்கோடனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மூச்சோடு அழுகையும் வந்தது.

பெண்களை அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து தலை துவட்டினார். செங்கோடன் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, அந்த சுவிட்ச் கெட்டதுன்னு எனக்குத் தெரியுங்க. கம்பெனிக்காரங்க கூப்பிட்டு மாத்திக்கச் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"ஏண்ணா?"

செங்கோடன் அடுப்பையே பார்த்தார்.

"மாத்திட்டா நவமணியும் ஓட்டிருவாளேன்னு."

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த நவமணியின் கை நின்றது.

"திட்டுங்கம்மா."

"காய்ச்சல்காரருக்கு முதல்ல கஞ்சி. திட்டெல்லாம் அப்புறம்." அம்மா இன்னொரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். "அந்தப் போன்ல அவங்க என்ன சொன்னாங்க? சொன்னபடியே சொல்லுங்க."

"தப்பு எங்க பக்கம்தான், கொண்டாங்க, காசில்லாம மாத்தித் தர்றோம்னாங்க."

"செஞ்சவங்களே கூப்பிட்டு அப்படிச் சொல்றப்ப, போறதுக்கு என்னண்ணா கூச்சம்?"

நவமணி கஞ்சியை ஊற்றிக் கொண்டுவந்து செங்கோடன் முன்னால் வைத்தாள். "உப்பு போதுமான்னு பாருங்க" என்றாள். போதவில்லை. போதும் என்று சொல்லிக் குடித்தார்.

காய்ச்சல் விட்டதும், மழையில்லாத ஒரு காலையில் செங்கோடன் வேனை எடுத்தார். அம்மாவும் நவமணியும் ஏறிக்கொண்டார்கள். நாமக்கல் போய்ச் சேர்ந்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் ஒருவர் வந்து கதவைத் திறந்தார். "வைப்பர் ஓடுதுங்களா?"

"ஓடாதுங்க" என்றார் செங்கோடன். "நான் ஓட வெச்சுக்கிட்டிருந்தேன்."

தட்டிக் காட்டினார். வைப்பர் ஆடியது. மெக்கானிக் அவர் விரலையும் லீவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப் பாவமே. இம்புட்டு நாளா இப்படியா கஷ்டப்பட்டீங்க?"

அதைக் கஷ்டம் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. செங்கோடன் கையை மடக்கிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார்.

மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியை எடுத்தார். வயர் கொத்தைப் பிடுங்கி, பழைய சுவிட்சை உருவி வெளியே எடுத்தார். அட்டைப் பெட்டியிலிருந்து புதுசை எடுத்து அதே இடத்தில் தள்ளினார். டொக் என்று ஒரு சத்தம். பேட்டரி வயரையும் திரும்ப மாட்டினார். கையில் வாங்கிய டீயை செங்கோடன் இன்னும் பாதிகூடக் குடிக்கவில்லை.

"முடிஞ்சுதுங்க. போட்டுப் பாருங்க."

செங்கோடன் ஏறி உட்கார்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு லீவரைத் தூக்கி அடியில் தட்டப் போனார்.

"தட்ட வேண்டாங்க" என்றார் மெக்கானிக்.

தட்டுவதற்கு முன்பே வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

நவமணி எட்டிப் பார்த்தாள். "நானும் போட்டுப் பாக்கட்டுங்களா?" போட்டாள். ஓடியது. அம்மாவும் சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டி ஒரு தரம் போட்டுப் பார்த்தார். அவருக்கும் ஓடியது.

செங்கோடன் மெக்கானிக்கிடம் போனார். "அந்தப் பழசை நான் வெச்சுக்கலாங்களா?"

"தரக்கூடாதுங்க. திருப்பி அனுப்பணும்." மெக்கானிக் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கறுப்பு பிளாஸ்டிக், ஒரு மாங்கொட்டை அளவு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க."

கிளம்பும்போது அம்மா சாவியை நவமணியிடம் நீட்டினார். நவமணி வாங்காமல் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கிக்க சாமி" என்றார் செங்கோடன். "வளைவுல மட்டும் ரெண்டாவது கியர்."

டிரைவர் பக்கக் கதவுக்குப் போன கால், வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. எந்த சீட்டில் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா நகர்ந்து ஜன்னலோரத்தைக் காட்டினார்.

மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. செங்கோடனின் சுண்டு விரல் துடித்தது. நவமணி ஒரு விரலால் லீவரைத் தட்டிவிட்டாள், ஏதோ ஈயை விரட்டுகிற மாதிரி. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ரோடு கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது.

முதல் வளைவில் செங்கோடன் காலால் தரையை அழுத்தி இல்லாத பிரேக்கைப் பிடித்தார். அடுத்த வளைவிலும் பிடித்தார். அதற்கடுத்த வளைவில் ஜன்னல் பக்கம் திரும்பியவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதென்னங்க அந்தப் பாறை மேல, தண்ணி விழுது?"

"அது எப்பவும் மழைக்கு விழறதுதானே அண்ணா."

"நான் பார்த்ததே இல்லீங்களே."

நவமணி கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். வண்டி ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"இனிமே இந்த வண்டியை யாரு வேணாலும் ஓட்டலாங்க."

"ஆமாங்கண்ணா."

"அப்ப நான் என்ன பண்ணட்டுங்க?"

அம்மா கையை நீட்டி, அவர் மேல் சாரல் படாமல் ஜன்னலைச் சாத்தினார்.

"கொஞ்ச நேரம் தூங்குங்கண்ணா. மேல போனதும் நாங்க எழுப்பறோம்."