பாலில் வெந்த கிழங்கு

"நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன். அவ சாப்பிட மாட்டேங்கிறா," என்றார் சவுந்தரபாண்டியன்.

ரெஜினா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவளுக்கு முப்பது தாண்டியிருக்காது. கோத்தகிரியில் ஒரு விருந்தினர் விடுதியில் அவள் சமையற்காரி. ஒரு மாதமாக அவர் மேட்டுப் பாதை ஏறி வந்து அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் அவர் அடுப்படிப் பக்கம் போனவரே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வையாளர். அவர் கண் பட்டால் கை வேகமாக ஓடும் என்று அங்கே சொல்வார்கள்.

மனைவி லீலாவதிக்கு வாயில் கட்டி வந்தது. கோயம்புத்தூரில் அறுத்து எடுத்தார்கள். கட்டி போயிற்று. இடது பக்க உதடும் கன்னமும் மரத்துப் போயின. காரம் பட்டால் எரிந்தது. கெட்டியாக எதையும் மெல்ல முடியவில்லை.

கஞ்சி, குழைந்த சோறு, மறுபடி கஞ்சி. நாளாக ஆக அவள் சாப்பாட்டையே விட்டுவிடுவாள் போலிருந்தது. இன்னும் எடை குறைந்தால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் யாரோ இந்த விடுதியைப் பற்றிச் சொன்னார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு உருளைக்கிழங்கைப் பாலில் வேகவைத்து ஒன்று செய்வார்களாம். ஸ்காலப்ட் பொட்டேட்டோஸ் என்று பேராம். வெண்ணெய் மாதிரி இறங்குமாம். சவுந்தரபாண்டியன் அன்றைக்கே மேடேறி வந்து, எனக்கு அதைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். ரெஜினா சிரிக்கவில்லை. யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

முதல் தடவை அவர் செய்தது நடுவில் வேகாமல் நறுக் நறுக்கென்றிருந்தது. அதைச் சொன்னபோது அவள் ஒரு கிழங்கை எடுத்து, ஒரே ஒரு வில்லை சீவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வில்லைக்குப் பின்னால் தன் விரலை வைத்தாள். விரல் தெரிந்தது.

"இப்படி," என்றாள்.

அவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கிழங்கு மட்டும் சீவினார்.

அடுத்த தடவை பால் திரிந்துபோயிற்று. பால்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை அடுப்பருகே உட்காரவைத்தாள். வெண்ணெய் உருகியதும் இரண்டு கரண்டி மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் வதக்கினாள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கொதி வரவே விடவில்லை. இருபது நிமிஷம் அவள் எதுவும் பேசவில்லை. அந்த இருபது நிமிஷத்தில், தான் என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நன்றாகவே வந்தது. புதிதாக வாங்கிய சின்ன ஓவனில், ஒரு அடுக்கு கிழங்கு, கொஞ்சம் வெங்காயம், மேலே பால் குழம்பு, மறுபடி கிழங்கு. மிளகாய் கிடையாது, மிளகும் கிடையாது, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. மூடிவைத்து முக்கால் மணி. திறந்துவைத்துக் கால் மணி.

லீலாவதி இரண்டு கரண்டி எடுத்தாள். தட்டைத் தள்ளிவிட்டாள்.

எட்டு நாளாக அதே கதை. நேற்று, "இனிமே இதெல்லாம் செய்யாதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து நீட்டினார். ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். நிதானமாக விழுங்கினாள்.

"நல்லா இருக்கு சார்."

"அப்புறம் ஏன் ரெஜினாம்மா?"

அவள் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா சாப்பிடும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"பக்கத்துலயேதான் நிப்பேன். ஒரு வாய்கூட விடாம பாத்துக்கிட்டே இருப்பேன்."

ரெஜினா டப்பாவில் இருந்ததைச் சூடாக்கி, ஒரு தட்டில் வைத்து, மேஜைமேல் அவர் முன்னால் வைத்தாள். சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு இரண்டடி தள்ளி நின்று அவர் வாயையே பார்த்தாள்.

முதல் வாய் இறங்கிற்று.

இரண்டாவது வாயில் பால் மீசையில் ஒட்டிக்கொண்டது. அவள் கண் மீசைக்கு நகர்ந்தது. அவர் துடைத்தார். சங்கடமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்னும் சற்றுக் குனிந்து பார்த்தாள்.

மூன்றாவது வாயில், தான் மெல்லுகிற சத்தம் அவருக்கே கேட்டது.

கரண்டியை வைத்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க," என்றாள் அவள், மெதுவாக, ரொம்பப் பிரியமாக.

அவரால் முடியவில்லை. லீலாவதியின் கை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கை உதட்டின் இடது ஓரத்தைத் தடவிப் பார்க்கும், ஏதாவது வழிந்திருக்கிறதா என்று. வழிந்தது அவளுக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள்.

அவர் கண் கலங்கிற்று.

ரெஜினா திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கப் போனாள். ஊருக்குப் போன பஸ் நடுவழியில் நின்றுபோனதைப் பற்றித் தன் பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லி முடித்தபோது அவர் தட்டு காலியாக இருந்தது.

அவர் விடைபெற்றுக்கொண்டார். இன்னொரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சவுந்தரபாண்டியன் ஒரு டிரே நிறையச் செய்தார். சாப்பாட்டு மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். இரண்டு நாற்காலியும் வெளியே பார்த்த மாதிரி, ஒன்றுக்கொன்று பக்கத்தில். இரண்டு தட்டு. ஒரு ஈரத்துணியை மடித்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"எனக்குப் பசிக்குது. துணைக்கு வந்து உக்காரு," என்று கூப்பிட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். எதிரே பள்ளத்தில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. யார் வீட்டு மாடியிலோ ஒரு பெண் அவசரமாகத் துணி எடுத்தாள். ஒரு போர்வை காற்றில் அவள்மேலேயே சுற்றிக்கொண்டது. சவுந்தரபாண்டியன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

வெகுநேரம் பக்கத்தில் சத்தமே இல்லை.

பிறகு ஒரு கரண்டி தட்டில் உரசிற்று. இன்னொரு தடவை உரசிற்று. ஈரத்துணியை எடுக்கிற சத்தமும் கேட்டது. திரும்பவேண்டும் என்று கழுத்து துடித்தது. அவர் மூடுபனியைப் பார்த்தார். அந்தப் பெண் போர்வையை ஜெயித்து உள்ளே போய்விட்டாள். பார்க்க ஒன்றுமே இல்லை. அப்படியும் பார்த்தார்.

தன் தட்டு முடிந்ததும் இன்னும் கொஞ்சம் எடுக்க டிரே பக்கம் கையை நீட்டினார்.

"அந்த மூலையில பழுப்பா இருக்கே, அதை எடுத்துராதீங்க," என்றாள் லீலாவதி. "அது எனக்கு."